பேக்கரிக்கும் கஃபேக்கும் நாயைக் கூட்டிப் போவது எப்படி: கொங்குப் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாயைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போகலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகிறவரை அங்கே ஒரு நாய் இருந்ததையே கவனிக்காத அளவுக்கு உங்கள் நாய் பழகியிருந்தால் தாராளமாகப் போகலாம், இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த நிலைக்கு வருவது எப்படி என்பதுதான்.

நம்ம பக்கத்தில் பேக்கரி என்பது வெறும் தின்பண்டக் கடை இல்லை. நிலம் விற்கிற பேச்சு, கல்யாணப் பேச்சு, மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் அரட்டை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. கோயம்புத்தூரில் ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கம் தோட்டத்தில் மேஜை போட்ட கஃபேக்களும் இருக்கின்றன, காலையில் நாயை நடத்திக் கூட்டி வருகிறவர்கள் அப்படியே ஒரு காபிக்கு உட்கார ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அதே கடைக்கு வருகிற பெரியவர்கள் பலர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், வளர்ந்தவர்கள். அங்கே நாய் வாசலிலும் கட்டுத்தறிப் பக்கமும் படுத்திருக்கும், ஆசாரம் என்கிற கூடத்துக்குள்ளோ சமையல்கட்டுக்குள்ளோ வராது. நாயின் மேல் அவர்களுக்குப் பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை, சோறு தின்கிற இடம் வேறு நாய் படுக்கிற இடம் வேறு என்பது அவர்கள் வளர்ந்த ஒழுங்கு. அவர்கள் முகம் சுளித்தால் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்காதீர்கள், சுகாதாரக் கணக்கில் பார்த்தாலும் அந்த ஒழுங்கில் பெரும்பகுதி சரியானது.

முதலில் கடைக்காரரைக் கேளுங்கள்

2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவு நிறுவனத்தின் இடத்துக்குள் விலங்கு, பறவை, வளர்ப்புப் பிராணி எதையும் விடக் கூடாது என்கிறது. கடையின் லைசென்ஸ் அந்த விதிமுறைகளின் கீழ்தான் வருகிறது. அதனால் "நாயை உள்ளே விட முடியாதுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் கறாராக இருக்கிறார் என்று கோபப்பட வேண்டாம், அவர் பிழைப்பைப் பார்க்கிறார். நாயை அனுமதிக்கிற இடங்களிலும் பெரும்பாலும் வெளி முற்றம், தோட்டம், வாசல் மேஜை என்ற அளவில்தான் விடுவார்கள். அமெரிக்காவிலேயே, உணவகங்களுக்கான அவர்களுடைய மாதிரி விதித்தொகுப்பில், உள்ளூர் அதிகாரிகள் ஒப்புதல் தந்த வெளிப்புற மேஜைப் பகுதிக்கு வளர்ப்பு நாய் வரலாம் என்று சேர்த்தது 2022-ல்தான்.

போன் போட்டுக் கேளுங்கள். "அண்ணா, வெளியில உட்கார்ந்துக்கறோம், கூட நாய் இருக்குது, பரவாயில்லைங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் வாசலில் நின்று பேச வேண்டியதில்லை. போன தடவை விட்டார்கள் என்பதற்காக இந்தத் தடவையும் அப்படியே நுழைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் அதே கடைக்காரருக்கு வேறு கவலை இருக்கும்.

ஊசி, பூச்சி மருந்து, உண்ணி

இது இல்லாமல் மேலே ஒரு படியும் ஏற வேண்டாம். வெறிநோய் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். கூடவே போடுகிற கூட்டு ஊசியில் பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்களோடு எலிக்காய்ச்சலுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதனுக்கும் வரக்கூடியது. குட்டிக்கு நான்கு மாதம் ஆகி ஊசி வரிசை முடிகிறவரை கடைப்பக்கமே கூட்டிப் போகாதீர்கள், பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்து பெரிய நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான வழக்கம். கொக்கிப்புழு, உருண்டைப்புழு இரண்டும் நாயின் மலத்திலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து குழந்தையின் கை கால்களுக்கும் போகிறவை.

உண்ணிதான் நம்ம பக்கத்துப் பெரிய தொல்லை. ஆட்டுப்பட்டி, மாட்டுக் கட்டுத்தறி, காய்ந்த புல்வெளி என்று சுற்றி வருகிற நாயிடம் கண்டிப்பாக இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழே, வாலடி. விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்குக் கடைக்குப் போவதை விட்டுவிடுங்கள், ஏனென்றால் கண்ணில் படாதது இன்னும் இருக்கும். வயிற்றுப்போக்கு, இருமல், படர்தாமரை, ஆறாத புண், பெண் நாயாக இருந்தால் பருவகாலம், இவை இருந்தாலும் அப்படித்தான்.

ஊசிப் புத்தகத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். கடைக்காரர் கேட்டால் காட்டிவிடலாம்.

வீட்டிலேயே பழக்க வேண்டியது

கடையில் நாய் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, விரிப்பில் படுத்து அரை மணி நேரம் சும்மா இருப்பது. கை கொடுப்பது, பந்து எடுத்து வருவது எல்லாம் அங்கே தேவையில்லை. ஆனால் சும்மா இருப்பதுதான் நாய்க்குக் கஷ்டமான பாடம், அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

ஒரு விரிப்பை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பவானி ஜமுக்காளத்தில் ஒரு துண்டு வெட்டி ஓரம் தைத்துக்கொண்டால் அதைவிட நல்லது கிடையாது. கெட்டியாக இருக்கும், தரையோடு படியும், எத்தனை தடவை துவைத்தாலும் தாங்கும். வீட்டில் நீங்கள் காபி குடிக்கிற நேரத்தில் அதை உங்கள் காலடியில் விரியுங்கள். நாய் தானாக வந்து அதில் கால் வைத்தால் ஒரு சின்னத் தீனி, படுத்தால் இன்னொன்று. வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், இழுத்துப் படுக்க வைக்கவும் வேண்டாம். தீனியைக் கையில் நீட்டாமல் அதன் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே, விரிப்பின் மேலேயே வையுங்கள். அப்போதுதான் நாய் உங்கள் கையை எதிர்பார்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டே இருக்காமல் தரையைப் பார்த்துப் படுக்கக் கற்றுக்கொள்ளும். இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுத்து, தாடையைத் தரையில் வைத்தால் அதுதான் நிஜமான ஓய்வு. நிமிர்ந்து எப்போது எழலாம் என்று காத்திருப்பது ஓய்வு இல்லை.

ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று நீட்டுங்கள். அப்புறம் இடத்தை மாற்றுங்கள்: வாசல் திண்ணை, சொந்தக்காரர் வீடு, ஆள் நடமாட்டம் குறைவான பூங்கா ஓரம். தட்டில் ஸ்பூன் விழுகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், டீ ஆற்றுகிற சத்தம் இதெல்லாம் வீட்டிலேயே காதில் பழகட்டும். கடைசியாகத்தான் கடை, அதுவும் காலை பதினொரு மணி மாதிரிக் கூட்டம் இல்லாத நேரத்தில், பத்து நிமிடம் இருந்துவிட்டு நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்குப் பேக்கரி இருக்கிற இருப்பில் முதல் தடவை கூட்டிப் போவது நாய்க்குச் செய்கிற அநியாயம்.

எல்லா நாயும் இதற்குத் தயாராகாது. சத்தத்துக்கு நடுங்குகிற நாய், அந்நியரைக் கண்டால் உறுமுகிற நாய், இராஜபாளையம் போல வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனங்களில் பல நாய்கள், இவற்றுக்கு வீட்டில் இருப்பதே சந்தோஷம். உங்களுடைய ஆசைக்காக அதை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்னால்

நன்றாக நடக்க விட்டு, மலம் சிறுநீர் இரண்டும் கழித்த பிறகுதான் கடை. வீட்டுக்கு வெளியே ஒரு முறை சீப்பால் வாரிவிட்டால் கடையில் உதிர்கிற முடி குறையும். பாதங்களை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். அன்றைக்கே குளிப்பாட்ட வேண்டாம், ஈர நாயின் வாடை காய்ந்த நாயின் வாடையைவிட மோசம். பையில் விரிப்பு, மடக்குக் கிண்ணம், தண்ணீர், மலப்பை, டிஷ்யூ, ஒரு சின்ன பாட்டில் சோப்புத் தண்ணீர். வார் நாலு முதல் ஆறு அடி இருந்தால் போதும். இழுத்தால் நீண்டுகொண்டே போகிற வகை வாரைக் கடைக்குக் கொண்டுவரவே கூடாது, அது டீ டம்ளர் ஏந்தி வருகிறவரின் காலைச் சுற்றும்.

கடையில் எங்கே உட்காருவது

மூலை மேஜை, பின்பக்கம் சுவர், ஆள் போகிற வழியிலிருந்து தள்ளி. நாய் சுவருக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் படுக்கட்டும். வாலும் காலும் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, சூடான டீத்தட்டோடு வருகிற பையன் அதில் மிதித்தால் மூன்று பேருக்கும் ஆபத்து.

காற்றையும் பாருங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் உங்கள் நாயின் முடி அத்தனையும் மற்றவர்கள் தட்டில்தான் விழும். கிழக்கு ஓரத்தில் உட்காருங்கள். நாயினால் வருகிற ஒவ்வாமைக்குக் காரணம் முடி மட்டும் இல்லை, எச்சிலும் தோல் செதிலும்தான். அதனால் முடி உதிராத இனம் என்று சொல்லி வாங்கிய நாய்க்கும் இதே விதிதான்.

வாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஏதோ சத்தத்துக்கு நாய் ஒரு எட்டு எடுத்து வைத்தால் நாற்காலி கூடவே வரும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாய் ஓடும், ஓட ஓட நாற்காலி துரத்தும், அது நேராக ரோட்டுக்குத்தான் போகும். வார் உங்கள் கையிலோ இடுப்பிலோ இருக்கட்டும்.

ஆர்டர் கொடுக்க ஒருவர் போகட்டும், இன்னொருவர் நாயோடு இருக்கட்டும். தனியாகப் போனால் மேஜைக்கு வந்து கேட்கிற கடையாகப் பாருங்கள். பப்ஸும் தேங்காய் பன்னும் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நாய் மூக்கைக் கொண்டுபோகக் கூடாது. நாற்காலி மேல், மேஜை மேல், சாப்பிடும்போது மடி மேல், மூன்றும் கிடையாது, எவ்வளவு சின்ன நாயாக இருந்தாலும்.

தண்ணீர், தீனி, கை

கடைத் தட்டு, டம்ளர், கிண்ணம் எதிலும் நாய் வாய் வைக்கக் கூடாது. "கழுவிடுவாங்கல்ல" என்பது பதில் இல்லை, அதைக் கழுவுகிற அக்காவிடமும் அடுத்து அதில் குடிக்கப்போகிறவரிடமும் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கிண்ணத்தில் உங்கள் தண்ணீர், மிச்சத்தைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றுங்கள். வேறு நாய் குடித்த பொதுக் கிண்ணமும் வேண்டாம், நாய்களின் இருமல் நோய் அப்படியும் பரவும்.

கடைப் பலகாரம் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. சாக்லேட், காபித்தூள், கேக்கில் இருக்கிற உலர்திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டால் எல்லாம் நாய்க்கு விஷம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், நம்ம ஊர் காளானிலும் முட்டை பப்ஸிலும் வெங்காயம் இல்லாமல் எது இருக்கிறது? பள்ளிபாளையம் சிக்கனில் மிஞ்சிய எலும்பு வேண்டவே வேண்டாம், வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உங்கள் வாய்க்கு எதுவும் போக வேண்டும். சானிடைசர் போதாது, அது புழு முட்டைகளை அழிக்காது. தேய்த்துக் கழுவி ஓடுகிற தண்ணீரில் போக்குவதுதான் வழி.

மற்றவர்கள்

நாய் வைத்திருப்பவர்கள் வாயில் வருகிற முதல் வார்த்தை "ஒண்ணும் பண்ணாதுங்க". அதைச் சொல்வதை நிறுத்துங்கள். பயப்படுகிறவருக்கு உங்கள் நாயின் குணம் தெரியாது. சின்ன வயதில் தெருநாய் துரத்திக் கடிபட்டவராக இருக்கலாம், தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தை நேரில் பார்த்தவராகவும் இருக்கலாம். யாராவது தயங்கி நின்றால் வாரைச் சுருக்கிப் பிடித்து, "நீங்க போங்க, நான் புடிச்சிருக்கேனுங்க" என்று சொல்லுங்கள். அப்படியும் அவர் சங்கடப்பட்டால் இடம் மாற வேண்டியது நீங்கள்தான்.

தொழுகைக்குப் போகிற முஸ்லிம் சகோதரர்களுக்கு நாயின் எச்சில் உடையில் படுவது சங்கடம், உடையைச் சுத்தப்படுத்தாமல் தொழ முடியாது. கோட்டைமேடு, உக்கடம் பக்கத்தில் மட்டும் இல்லை, எந்தக் கடையிலும் பக்கத்தில் உட்காருகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. நாயின் மூக்கு யார் வேட்டியிலும் புடவையிலும் படாதபடி பார்த்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி.

குழந்தைகள் ஓடி வருவார்கள். "இரு கண்ணு" என்று நிறுத்தி, முதலில் அம்மா அப்பாவைப் பாருங்கள். அவர்கள் சம்மதித்து, நாயும் தானாகக் கிட்ட வந்தால் மட்டும், குழந்தை நாயின் நெஞ்சுப் பக்கம் தடவட்டும். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோவதும் கட்டிப்பிடிப்பதும் வேண்டாம். மூன்று எண்ணுகிற நேரம் தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் இன்னும் வேண்டுமென்று நெருங்கினால் தொடரலாம், முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, வெள்ளை விழி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடம்பு விறைப்பது, இதெல்லாம் உறுமலுக்கு முன்னால் நாய் சொல்கிற எச்சரிக்கை. கண்டவுடன் எழுந்து கிளம்பிவிடுங்கள், பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாசலில் தெருநாய்கள் பொறைக்காகக் காத்திருக்கும், பழகிய கடை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடமே உண்டு. அது அவற்றின் எல்லை. தூரத்திலிருந்தே பார்த்து, கூட்டமாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள். அங்கே நின்று அவற்றுக்குப் பொறை போட்டுக்கொண்டே உங்கள் நாயை வாரில் பிடித்திருப்பது சண்டைக்கு நேரடி அழைப்பு.

அசிங்கம் செய்துவிட்டால்

நன்றாகப் பழகிய நாய்க்கும் நடக்கும். பையனைக் கூப்பிடாமல் நீங்களே சுத்தம் செய்யுங்கள். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். அப்புறம் சோப்புத் தண்ணீர், துடைப்பு, கடைசியாகக் கடைக்காரரிடம் சொல்லிக் கிருமிநாசினி. சிறுநீர் மேல் நேராகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டக் கூடாது, சிறுநீரின் அமோனியாவும் குளோரினும் சேர்ந்து கண்ணையும் நுரையீரலையும் எரிக்கிற வாயு கிளம்பும். கழுவி எடுத்த தரையில்தான் பிளீச். எடுத்ததைப் பையில் கட்டி, கடையின் குப்பைத் தொட்டியில் போடாமல் வெளியே கொண்டுபோங்கள்.

கடித்துவிட்டால், பல் பட்டுவிட்டால்

உங்கள் நாயாக இருந்தாலும் தெருநாயாக இருந்தாலும் முதல் வேலை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள்தூள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. நேராக அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் 0 (முதல் ஊசி போடுகிற நாள்), 3, 7, 28-ஆம் நாட்கள், நான்கு முறையும் போக வேண்டும். இரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்திலும் அதைச் சுற்றியும் போடுகிற எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியையும் கேளுங்கள். இரத்தம் வராத சின்னக் கீறலுக்கும் ஊசி உண்டு, ஏற்கெனவே இருக்கிற புண்ணை நாய் நக்கினாலும் உண்டு. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், நாயைப் பத்து நாள் கவனித்துக்கொண்டே சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோய்க்கு வைத்தியம் கிடையாது. 1907-லிருந்து குன்னூரில், நம்ம மலை மேலேயே, பாஸ்டர் நிறுவனம் இந்த நோய்க்கு எதிராக வேலை செய்து வருகிறது. இருந்தும் காயத்தை மறைத்து உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் விடுகிற பிள்ளைகள். உங்கள் நாய் ஒருவரைக் கீறிவிட்டால் மன்னிப்புக் கேட்பதோடு நிற்காதீர்கள். போன் நம்பர் கொடுங்கள், ஊசிப் புத்தகத்தைக் காட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.

கடை நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம்

நாயை விடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெளிப்பகுதியைத் தனியாக ஒதுக்கி, சமையலறை வழியாகப் போகாத வாசல் வையுங்கள். "இந்தப் பக்கம் நாய்கள் இருக்கும்" என்று வாசலிலேயே தமிழில் பலகை இருந்தால் பயப்படுகிறவர் உட்காருவதற்கு முன்பே முடிவு எடுத்துக்கொள்வார். நாயைக் கொஞ்சுகிற ஊழியர் கை கழுவாமல் தட்டைத் தொடக் கூடாது. அந்தப் பகுதிக்கு மட்டும் தனி மாப், தனி வாளி. குரைப்பதை நிறுத்தாத நாயின் சொந்தக்காரரிடம் "கொஞ்சம் வெளிய நடத்திட்டு வாங்களேன்" என்று சொல்ல ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள், அதை நீங்கள் சொல்லவில்லை என்றால் மற்ற வாடிக்கையாளர்கள் வாய் திறக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

வெயிலும் காரும்

ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வைகாசியில் பகல் நேரத்தில் நாயோடு வெளியே உட்காருவதே தப்பு. புறங்கையைத் தரையில் ஐந்து வினாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு வாங்குவதே சிரமம், அவற்றுக்குக் காலை எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். சேலம் பைபாஸில் சாப்பிட நிறுத்தும்போது, கடையில் விடமாட்டார்கள் என்று நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியை விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஒருவர் நிழலில் நாயோடு நிற்கட்டும், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு மாற்றிவிடட்டும். இல்லையென்றால் பொள்ளாச்சி ரோடு மாதிரிப் புளியமர நிழலில் இளநீர்க் கடையாகப் பார்த்து நிறுத்துங்கள். திறந்தவெளி, எல்லோருக்கும் எட்ட உட்கார இடம், நாய்க்கும் காற்று.

வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, உண்ணி இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்து, ஜமுக்காளத் துண்டை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து வெயிலில் போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த முறைக்குப் பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம்.